வீட்டுச் சர்வரும் ஒரு நொடித் தாமதமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வீட்டில் இணையம் மந்தமாகிவிட்டால் நாம் முதலில் செய்வது இணைப்புக் கொடுத்தவரைக் குறை கூறுவதுதான். நானும் அதையே செய்தேன். நான் முதலாம் ஆண்டு படித்தபோது எங்கள் வீட்டில் ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்த அத்தகைய மந்தத்துக்குக் காரணம், கூடத்து மூலையில் நானே கொண்டுவந்து வைத்த ஒரு பழைய கணிப்பொறிதான் என்பதைக் கண்டுபிடித்த விதத்தை இக்கட்டுரையில் எழுதுகிறேன். செய்முறை வகுப்பில் ஓர் அளவியைக் கையிலெடுத்த எவருக்கும் விளங்கும்படி எழுத முயன்றுள்ளேன். கணிப்பொறித் துறை நண்பர்கள் சில இடங்களில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட நல்ல மதிப்பெண் பெற்றவள். அப்பாவின் தையல் வருமானத்தில் இருவர் படிக்க இயலாதென்று அவளாகவே நின்றுவிட்டாள். இப்போது மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்களின் பிள்ளைகள் பதினொரு பேருக்குக் காணொலி வழியே தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறாள். எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்ததே அதற்காகத்தான். என் தேர்வுக் கட்டணமும் அதிலிருந்துதான் வருகிறது.

நான் செய்த காரியம் இது. தமிழ்வழியில் இயற்பியல் பயிலும் நமக்கு மூத்த மாணவர்களின் கையெழுத்துக் குறிப்பேடுகளே பெருந்துணை என்பது எல்லோரும் அறிந்தது. அவற்றையும் பழைய வினாத்தாள்களையும் ஸ்கேன் செய்து ஓரிடத்தில் வைத்தால், வேண்டியவர் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாமே என்று எண்ணினேன். வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் ஒரே மாதத்தில் அவை பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடுகின்றன. மூடப்பட்ட பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து 3,500 ரூபாய்க்குப் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி, லினக்ஸ் நிறுவி, அதைச் சர்வராக்கினேன். வழங்கி, சேவையகம் என்று நல்ல சொற்கள் இருந்தாலும் நாம் வாயால் சொல்வது சர்வர்தான் என்பதால் இங்கும் அச்சொல்லையே கையாளுகிறேன்.

சர்வர் என்பது தனி வகை இயந்திரம் அன்று. கேட்பதற்குப் பதில் கொடுப்பதற்கென்று அமர்த்தப்பட்ட கணிப்பொறி, அவ்வளவே. நம் கைப்பேசி பெரும்பாலும் கேட்கிறது, வெளியிலிருந்து வாங்குகிறது. சர்வரோ வெளியார் கேட்க, வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. போக்குவரத்தின் திசை மாறிவிடுகிறது. இதை நான் அன்று ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பின்னால் வந்த துன்பம் அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருந்தது.

(வீட்டில் சர்வர் வைக்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு: ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பொருள். அம்முகவரிக்கு வெளியார் நேரே வந்து சேர இயலாது. எங்களுக்குத் தனிப் பொது முகவரி கிடைத்திருந்தது.)

சர்வர் வேலை செய்யத் தொடங்கிய முதல் வாரம் எனக்குப் பெருமையாகவே கழிந்தது. இரண்டாம் வாரம் அக்காவின் வகுப்பு தடுமாறத் தொடங்கியது. அவள் "அ" எழுதிக் காட்டி முடித்த பின்னரே பிள்ளைகள் திரையில் கை அசைந்தது. அவள் கேள்வி கேட்டால் பதில் வரத் தாமதமாகும். பதில் வரவில்லையென்று அவள் மீண்டும் கேட்கும்போது முதல் கேள்விக்கான பதில் வந்து மோதும். பெற்றோர் இருவர், மாதக் கடைசியில் நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. "கேபிள்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுடா" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பத்து வார்த்தை சொன்னேன். சில வார்த்தைகள் சொல்லத் தகாதவை.

எங்கள் தெருவுக்கு இணையம் தருபவர் கேபிள் டிவி நடத்துபவர். அவர் மறுநாளே நேரில் வந்தார். மோடத்திலிருந்து எங்கள் ரூட்டரைக் கழற்றினார், தம் மடிக்கணினியை நேரே மாட்டினார், சோதித்தார். பதிவிறக்கம் நொடிக்கு 20 மெகாபிட், பதிவேற்றம் 2 மெகாபிட். "லைன் சுத்தமா இருக்கு தம்பி. வீட்டுக்குள்ள ஏதோ இருக்கு, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தட்டிக்கழிக்கிறார் என்றே நினைத்தேன். ரூட்டரைக் கழற்றியபோது அதற்குப் பின்னால் இருந்த என் சர்வரும் சேர்ந்தே துண்டிக்கப்பட்டுவிட்டது என்பதும், அதனால்தான் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. கண்ணெதிரே ஒரு நல்ல சோதனை நடந்து முடிந்திருந்தது. நான் அதன் முடிவைப் படிக்கவில்லை.

அதன்பின் நானே தேடத் தொடங்கினேன். முதல் சந்தேகம் பழைய கணிப்பொறியின் வேகத்தின்மேல். டாப் என்னும் கட்டளையால் பார்த்தபோது அதன் செயலி பெரும்பாலும் சும்மாவே இருந்தது. எழுதி வைத்த கோப்பை எடுத்து அனுப்புவது ஒரு கணிப்பொறிக்கு வேலையே அன்று. அடுத்து வைஃபை. அக்காவின் கணினியைக் கம்பியால் ரூட்டரில் மாட்டிப் பார்த்தேன், தடுமாற்றம் குறையவில்லை. பிறகு, என் சர்வரையே கைப்பேசியில் திறந்து பார்த்தேன். மின்னல் வேகம்! ஆகவே சர்வர் குற்றமற்றது என்று தீர்ப்பளித்துவிட்டேன். இது நான் செய்த மிகப் பெரிய பிழை. கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தது. கோரிக்கை ரூட்டரைத் தாண்டி வெளியே செல்லவே இல்லை. கூடத்திலிருந்து அடுக்களைக்கு நடந்து பார்த்துவிட்டு, தெருவில் நெரிசல் இல்லை என்று சொன்னதற்கு ஒப்பாகும் இது.

நான்காவதாகச் சர்வரின் பதிவேட்டைப் படித்தேன். யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்பதை ஒவ்வொரு வரியாகச் சர்வர் எழுதி வைக்கும். அதில் நான் கண்டது என்னைத் திடுக்கிட வைத்தது. வரிகளில் முக்கால்வாசி நம் மாணவர்களுடையவை அல்ல! எங்களிடம் இல்லவே இல்லாத பக்கங்களை, கடவுச்சொல் கேட்கும் பக்கங்களை, உலகின் எங்கெங்கோ இருக்கும் இயந்திரங்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. இது ஏதோ நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஒரு மென்பொருள், நல்ல இணைப்புள்ள ஒரே கணிப்பொறியிலிருந்து, பழைய வகை இணைய முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கவல்லது. ஒரு வாசலைத் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் யாரேனும் வந்து தட்டுவது இயல்பே.

திருடனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். ஆனால் வரிகளை எண்ணுவதை விட்டுப் பைட்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது கணக்கு தலைகீழாயிற்று. அந்த அந்நியர்கள் பெற்றுச் சென்றதெல்லாம் "அப்பக்கம் இல்லை" என்ற சிறு பதில்தான். மொத்தப் பைட்டுகளில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சிய அனைத்தும் நம் குறிப்பேடுகள். ஒவ்வொன்றும் வண்ணத்தில் ஸ்கேன் செய்த 40 மெகாபைட் கோப்பு. அவை மிகுதியாகக் கேட்கப்பட்ட நேரம் மாலை ஏழு முதல் ஒன்பது வரை.

இங்கே பிட், பைட் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். எட்டுப் பிட் ஒரு பைட். ஆகவே 40 மெகாபைட் என்பது 320 மெகாபிட். எங்கள் பதிவேற்றம் நொடிக்கு 2 மெகாபிட். ஒரு மாணவர் ஒரு குறிப்பேட்டை எடுக்க 160 நொடி. பத்துப் பேர் ஒரே சமயத்தில் எடுத்தால் 1,600 நொடி, அதாவது ஏறத்தாழ 27 நிமிடம். இடையில் பொறுமையிழந்தவர் மீண்டும் மீண்டும் அழுத்துவார். ரசீதில் எழுதியிருந்த "20" என்ற எண்ணை மட்டுமே நான் அறிந்திருந்தேன். மறுதிசையில் அது 2 மட்டுமே என்பது அச்சிடப்படவில்லை. வீட்டு இணைப்புகள் பலவும் இப்படி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் அமைந்தவையே. தொலைபேசிக் கம்பி வழியே வந்த ஏ.டி.எஸ்.எல். என்ற முறையின் பெயரில் முதல் எழுத்தே இந்தச் சமச்சீரின்மையைக் குறிப்பதுதான்.

இந்த இடத்தில், காரணம் தெரிந்துவிட்டது, பத்துப் பேர் வந்ததால் நெரிசல் என்று நிறுத்திக்கொண்டிருப்பேன். செய்முறை வகுப்பில் நம் பேராசிரியர் அடிக்கடி சொல்வது என்னைத் தடுத்தது: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஆகவே அளக்க முடிவு செய்தேன்.

அளவியாகப் பிங் என்னும் சிறு நிரலைக் கொண்டேன். ஒரு சிறு செய்தியை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை அது சொல்லும். 1983-இல் மைக் முஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியிலிருந்து பெயரிட்டார். எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு நிலைமையை அறிவது நம் பாடத்திட்டத்தில் உள்ள செய்திதானே.

அக்காவின் வகுப்பு இல்லாத ஒரு ஞாயிறு காலையில் சோதித்தேன். சர்வரை அணைத்திருந்தபோது போய்வர 18 மில்லிநொடி. சர்வரை இயக்கி, யாரும் எதுவும் எடுக்காதபோது அதே 18. பிறகு பக்கத்துத் தெரு நண்பன் ஒருவனை, அவன் கைப்பேசியின் சொந்த இணைப்பிலிருந்து ஒரே ஒரு குறிப்பேட்டை எடுக்கச் சொன்னேன். பிங் ஏறத் தொடங்கியது. 200, 500, 900 என்று ஏறி 1,060 மில்லிநொடியில் போய் நின்றது. அவன் எடுத்து முடித்ததும் ஓரிரு நொடியில் மறுபடி 18.

ஒரே ஒருவன்! பத்துப் பேர் தேவைப்படவில்லை. ஒரு நொடிக்கும் மேல் தாமதத்தை உண்டாக்க ஒருவனே போதுமானவனாக இருந்தான். அந்த ஒரு நொடி எங்கே செலவாகிறது என்று ட்ரேஸ்ரூட் என்னும் மற்றொரு நிரலால் பார்த்தேன். அது வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியே காட்டும். எங்கள் ரூட்டர் 1 மில்லிநொடி. அதற்கு அடுத்த நிலையமே ஆயிரத்துக்கு மேல். அதாவது தாமதம் முழுவதும் எங்கள் வீட்டு மோடத்தின் வாசலிலேயே நிகழ்கிறது. துபாய்க்குச் செல்லும் கடலடிக் கம்பி ஒரு பாவமும் அறியாது.

மோடத்தின் வாசலில் நடப்பதை நம் கல்லூரிக்கு எதிரேயுள்ள ஜெராக்ஸ் கடையை வைத்து விளக்கலாம். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். கடையில் ஒரே இயந்திரம். நாம் ஒரே ஒரு சான்றிதழைப் பிரதியெடுக்க நிற்கிறோம். நமக்கு முன்னால் ஒருவர் இருநூறு பக்கக் குறிப்பேட்டைக் கொடுத்திருக்கிறார். இயந்திரம் பழுதாகவில்லை, நிமிடத்துக்கு இத்தனை பக்கம் என்று தன் முழு வேகத்தில்தான் ஓடுகிறது. ஆயினும் நம் ஒரு தாளுக்கு நாம் அரை மணி நிற்கிறோம். இயந்திரத்தின் வேகம் வேறு, நாம் காத்திருக்கும் நேரம் வேறு. "இணையம் மெதுவாக இருக்கிறது" என்ற ஒரே பேச்சில் இவ்விரண்டையும் கலந்துவிடுகிறோம். கேபிள்காரர் அளந்தது முதலாவதை. அக்கா பட்டது இரண்டாவதை.

இணையத்தில் கோப்பு முழுதாகப் போவதில்லை. சுமார் 1,500 பைட் கொண்ட பொட்டலங்களாகப் பிரிந்தே போகிறது. நொடிக்கு 2 மெகாபிட் வாசலில் ஒரு பொட்டலம் வெளியேற 6 மில்லிநொடி ஆகும். அதைவிட வேகமாக வருபவை மோடத்தின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். எங்கள் மோடத்தில் எவ்வளவு பெரிய வரிசை நிற்கிறது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே கணக்கிடலாம். கூடுதல் தாமதம் 1,042 மில்லிநொடி. அதை 2 மெகாபிட்டால் பெருக்கினால் 20,84,000 பிட். எட்டால் வகுத்தால் சுமார் 2,60,000 பைட். 256 கிலோபைட் நினைவகம் ஒன்றின் அளவுக்கு இது மிக நெருக்கமாக வருகிறது. இந்த விடை வந்தபோது, ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று முதன்முதலில் எனக்கு வந்த நாளின் மகிழ்ச்சியை மீண்டும் அடைந்தேன்.

ஏறத்தாழ 175 பொட்டலங்கள் நிற்கும் அந்த வரிசையின் கடைசியில்தான் அக்காவின் குரல் போய் நிற்கிறது. பேச்சு ஒரு திசையில் சென்றடைய 150 மில்லிநொடிக்கு மேற்படாமல் இருப்பது நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவே அதைப்போல் ஏழு மடங்கு ஆகியது.

மற்றொரு வியப்பும் இருந்தது. நெரிசல் வெளியே செல்லும் திசையில். அப்படியானால் உள்ளே வரும் 20 மெகாபிட் பாதை காலியாகத்தானே இருக்கிறது, பதிவிறக்கம் ஏன் மெதுவாகிறது? விடை எளியது. நாம் பெறும் பொட்டலங்களுக்கு நம் கணினி "பெற்றுக்கொண்டேன்" என்று சிறு ரசீது அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ரசீது வந்தால்தான் எதிர்ப்பக்கம் அடுத்ததை அனுப்பும். பொதுவாக இரண்டு பொட்டலத்துக்கு ஒரு ரசீது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 பைட். 20 மெகாபிட் முழு வேகத்தில் பெறுவதற்கு ரசீதுகளே நொடிக்கு மூன்றில் ஒரு மெகாபிட் அளவு வெளியேற வேண்டும். அவையும் அதே வரிசையில் நிற்கின்றன. ரசீதுக்குக் காத்திராமல் 65,535 பைட் வரை அனுப்பலாம் என்பது பழைய வரையறை. போய்வர 18 மில்லிநொடி ஆகும்போது அதில் 29 மெகாபிட் வேகம் கிடைக்கும். 1,060 மில்லிநொடி ஆகும்போது அரை மெகாபிட்டே கிடைக்கும். அந்த 65,535 என்ற எல்லையை இன்று உயர்த்திக்கொள்ள வழியுண்டு என்றாலும், தாமதம் வேகத்தை எப்படித் தின்கிறது என்பது இதிலிருந்து புலப்படும்.

ஒரே ஒருவன் எப்படி வரிசை முழுவதையும் நிரப்பினான் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. இதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1986 அக்டோபரில், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜத் தொலைவில் இருந்த இணைப்பு, நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. எண்ணூறில் ஒரு பங்கு! நெரிசலில் தாமதமான பொட்டலங்களைத் தொலைந்தவை என்று கருதிக் கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அனுப்ப, நெரிசல் நெரிசலையே பெற்றெடுத்தது. அவ்வாய்வகத்திலிருந்த வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988-இல் ஒரு தீர்வை வெளியிட்டார். அனுப்புகிறவர் மெல்லத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு பொட்டலம் தொலைந்தால் அதையே நெரிசலுக்கு அறிகுறியாகக் கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். நான் பயன்படுத்திய ட்ரேஸ்ரூட்டை எழுதியவரும் இவரே.

ஜேக்கப்சனின் முறையில் அனுப்புகிறவருக்கு அறிகுறி, பொட்டலம் தொலைவதுதான். ஆனால் நினைவகச் சில்லுகள் மலிவானதும், பொட்டலம் தொலையக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மோடம் செய்பவர்கள் பெரிய நினைவகத்தை வைத்தார்கள். விளைவு, வரிசை ஒரு நொடி நீளம் வளரும்வரை எதுவும் தொலைவதில்லை. அதுவரை அனுப்புகிறவர் எல்லாம் நலம் என்றெண்ணி வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கிறார். என் சர்வர் நெறி தவறவில்லை. தனக்குச் சொல்லப்பட்டபடி, எச்சரிக்கை வரும்வரை முன்னேறியது. எச்சரிக்கைதான் ஒரு நொடி தாமதமாக வந்தது.

இதை உலகறியச் செய்தவர் ஜிம் கெட்டிஸ். வலையின் அடிப்படை நெறிமுறையை வகுத்தவர்களில் ஒருவரான அவர், 2010-இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது வீட்டு இணையம் முழுவதும் மந்தமாவதைக் கண்டார். அளந்து பார்த்தால் தாமதம் ஒரு நொடிக்கு மேல்! அவர் இதற்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். தமிழில் இடைநினைவக வீக்கம் எனலாம். அத்துணைப் பெரிய நிபுணர் வீட்டிலும் இதே நோய்தான் என்று படித்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

இனி நான் செய்த பரிகாரங்கள். முதலில் தவறான ஒன்றைச் செய்தேன். என் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் வேகத்துக்கு வரம்பு கட்டலாம். நொடிக்கு 60 கிலோபைட், அதாவது அரை மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தேன். நண்பனை வைத்துச் சோதித்தேன். பிங் 20-ஐத் தாண்டவில்லை. வெற்றி என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் மாலை வகுப்பு மறுபடி தடுமாறியது. அந்த வரம்பு ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே பொருந்துவது, மொத்தத்துக்கு அன்று. ஐந்து பேர் வந்ததும் ஐந்து மடங்காகி 2 மெகாபிட்டைத் தாண்டிவிட்டது. கையேட்டில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நான் முழுதும் படிக்கவில்லை.

பிறகு லினக்ஸில் உள்ள டி.சி. என்னும் கட்டளையால், சர்வரிலிருந்து வெளியேறும் மொத்தமே நொடிக்கு 1 மெகாபிட் என்று வரம்பு கட்டினேன். இதன் சூட்சுமம் என்னவெனில், வரிசை மறைவதில்லை, இடம் மாறுகிறது. முன்பு வரிசை அனைவருக்கும் பொதுவான மோடத்தில் நின்றது. இப்போது சர்வருக்குள்ளேயே நிற்கிறது. சர்வரின் பொட்டலங்கள் தமக்குள் காத்திருக்கட்டும்; அக்காவின் குரல் காலியான வாசல் வழியே போய்விடும். வகுப்பில்லாத நேரத்தில் பிங் 24. வகுப்பு நடக்கும்போது 40-ஐத் தாண்டவில்லை.

முழு 2 மெகாபிட்டுக்கும் நெருக்கமாக ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். வரிசைகளின் கணிதத்தைத் தொடங்கி வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங். தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909-இல் எழுதினார். அக்கணிதத்தின் எளிய வடிவில், வாசல் பாதியளவு நிரம்பியிருந்தால் கடக்கும் நேரம் இரு மடங்கு. நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பினால் பத்து மடங்கு. தொண்ணூற்றைந்து நிரம்பினால் இருபது மடங்கு. கடைசிச் சில விழுக்காட்டுக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்ததால் மாணவர்களுக்கு நட்டமில்லையா? அதற்காகக் கோப்புகளையும் திருத்தினேன். மையால் எழுதிய குறிப்பேட்டுக்கு வண்ணம் எதற்கு? கறுப்பு வெள்ளையில், படிக்கும் அளவுக்கு மட்டும் நுணுக்கம் வைத்து மீண்டும் ஸ்கேன் செய்ததில் 40 மெகாபைட் 5 மெகாபைட்டாயிற்று. 1 மெகாபிட் வேகத்தில் அது 40 நொடி. முன்பு முழு வேகத்தில் 160 நொடி ஆனது. இதை நான் முதலிலேயே செய்திருந்தால் பாதித் தொல்லை வந்திருக்காது. அந்நியர் தட்டுவதையும் ஓரளவு அடைத்தேன், அது பாதுகாப்புக்காக.

முறையான தீர்வு ரூட்டரிலேயே உள்ளது. ஜெராக்ஸ் கடைக்காரர் விவரமானவராக இருந்தால், இருநூறு பக்கத்துக்கு இடையில் நம் ஒரு தாளை வாங்கிப் போட்டுக் கொடுத்துவிடுவார். இதைப் போல ஒவ்வொருவர் பொட்டலத்தையும் தனி வரிசையாக்கி மாற்றி மாற்றி அனுப்புவது ஒரு பாதி. வரிசையின் நீளத்தை விட்டு, ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, 5 மில்லிநொடிக்கு மேல் தொடர்ந்து நிற்க நேர்ந்தால் ஒன்றைக் கழித்து அனுப்புகிறவரை எச்சரிப்பது மறு பாதி. இந்த இரண்டாவதைக் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்டார்கள். இரண்டும் சேர்ந்த முறை அவ்வாண்டே லினக்ஸில் இடம் பெற்றது. 2018-இல் இணைய நெறிமுறை ஆவணமாகவும் வெளிவந்தது. இதை ஏற்கும் ரூட்டர் எங்களிடம் இல்லை. வாங்கும் நிலையிலும் நாங்கள் இல்லை. ஆகவே சர்வரில் கட்டிய வரம்போடு நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்திக்கொள்வதாகச் சொன்ன இருவரில் ஒருவர் மறுபடி பிள்ளையைச் சேர்த்துவிட்டார். மற்றவர் வரவில்லை. அந்த மாதம் குறைந்த தொகையை நான் ஜெராக்ஸ் கடையில் மாலை வேலை பார்த்து ஈடுகட்டினேன். (மேலே சொன்ன உவமை அங்கே கிடைத்ததுதான்.)

கேபிள்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அண்ணே, தப்பு என் பேர்லதான்" என்று சொல்லி, தாளில் எழுதியிருந்த அளவுகளைக் காட்டினேன். அவர் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு, "ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல இதே புகார் தம்பி. மூணு தடவ லைன் மாத்திட்டேன். அவங்க வீட்டுல சர்வரெல்லாம் இல்ல. வந்து பாக்குறியா?" என்று கேட்டார். அன்று மாலையே போனோம். பிங் 700-இல் நின்றது. ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி மாட்டிக்கொண்டே வந்தோம். ஐந்தாவதாக மாடிப்படி அருகே இருந்த கண்காணிப்புக் காமிராவின் கம்பியைக் கழற்றியதும் பிங் 19-க்கு இறங்கியது. அது இரவும் பகலும் வாசல் காட்சியை எங்கோ உள்ள ஒரு சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.